தூர்வாரும்போது நீல அல்லியைக் காப்பாற்றுவது எப்படி? கண்மாய், ஏரி, குளம் உள்ள ஊர்க்காரர்கள் வாருங்கள்

செம்மண்சீமை (சிவகங்கை மாவட்டம்), பிப்ரவரி 3

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயை இந்தக் கோடையில் தூர்வாரப் போகிறார்கள். பணம் ஒதுக்கியாகிவிட்டது, வேலை எடுத்தவரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாங்களே மனு கொடுத்துக் கேட்டு வாங்கிய வேலை, அதனால் சந்தோஷம்தான்.

என் கவலை நீல அல்லியைப் பற்றியது. கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதியில்), தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேரும் மேட்டுப் பக்கம் அது படர்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தால் கார்த்திகையில் இலை மேலே மிதக்கும். மார்கழி, தை முழுக்கப் பூ. இப்போதும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பக்கத்து ஊர்க் கண்மாயிலும் இதே பூ இருந்தது. சில வருடங்களுக்கு முன் அங்கே பொக்லைன் விட்டு அடிவரை வழித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு நல்ல மழை வந்தும் ஓர் இலைகூட மேலே வரவில்லை. இப்போது அங்கே ஆகாயத்தாமரைதான் மூடிக் கிடக்கிறது. எங்கள் கண்மாய்க்கும் அதே கதி வரக் கூடாது.

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. தூரும் வாரவேண்டும், பூவும் பிழைக்கவேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்ச்செடி (திருநெல்வேலி), பிப்ரவரி 3

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இலை தண்ணீருக்கு மேல் தெரியும்போதே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தச் செடி எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். தாவரப்பெயர் நிம்ஃபேயா நௌச்சாலி. நம் நாட்டிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இருக்கிறது. அதனாலேயே உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் 'அச்சம் குறைந்தது' என்று போட்டிருக்கிறார்கள். அந்த வரியைக் காட்டி "இதற்கென்ன ஆபத்து" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் இனம் முழுதும் அழியுமா என்பதைத்தான் பார்க்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயில் அழிந்தால் உங்கள் ஊருக்கு அழிந்ததுதான். பத்துக் கண்மாயில் அப்படிப் போனால் ஒரு வட்டாரமே காலி. இந்த இழப்பை எந்தப் பட்டியலும் குறித்துக்கொள்வதில்லை.

இது வறட்சிக்குப் பயப்படும் செடி அல்ல. கண்மாய் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்த பிறகும் சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். அளவிலும் தோற்றத்திலும் சின்னச் சேப்பங்கிழங்கு போல இருக்கும். மழை பெய்து தண்ணீர் நின்றதும் அதிலிருந்து முளை கிளம்பும். குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும் என்று சின்ன வயதில் படித்திருப்போமே, அது கண்ணால் பார்த்துச் சொன்னது.

ஆனால் அந்தக் கிழங்கு கிடப்பது மேல்மண்ணில். பொக்லைன் முதலில் வழிப்பதும் அதைத்தான். கிழங்கும் போகும், சேற்றில் கிடக்கும் விதையும் போகும். பக்கத்து ஊரில் நடந்தது அதுதான்.

கடைமடை (இராமநாதபுரம்), பிப்ரவரி 4

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கடைசி மடையில்தான் நிலம். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் நெல் பதராகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எங்கள் பக்கம் கண்மாய்களில் மண் மேவி, தண்ணீர் நிற்கும் ஆழமே போய்விட்டது. வருடக்கணக்காக மனு கொடுத்தபின் ஒரு தடவை தூர்வார வருகிறார்கள். அப்போது போய் "இந்தப் பக்கம் தோண்டாதே, பூ இருக்கிறது" என்றால் ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

பூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மா அல்லித்தண்டைக் கூட்டு வைப்பார்கள். கொட்டிக்கிழங்கு எடுத்து அவித்துத் தின்றிருக்கிறோம். ஆனாலும் தண்ணீர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. விவசாயிக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பூவைப் பேசுங்கள்.

கலிங்கல், பிப்ரவரி 4

கடைமடை அண்ணன் கேட்பது நியாயம். நான் ஏரி, கண்மாய் வேலைகளில் பல வருடம் இருந்தவன். கணக்கோடு பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு வயலுக்குப் பாயும் என்பது வேறு. மடையின் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. ஆடு மாடு குடிக்கும், கிணற்றுக்கு ஊறும், மீன் கிடக்கும். அந்த மட்டுக்கும் பயன்தான். ஆனால் "பத்தடி தோண்டினோம்" என்று பெருமையாகச் சொல்லும் பல வேலைகளில் கடைமடைக்கு ஒரு படி தண்ணீர்கூடக் கூடுவதில்லை.

அதோடு, அடியில் இருக்கும் களிமண் படுகையை உடைத்துச் சரளைவரை போய்விட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். போன வருடம்வரை மாசிவரை நின்ற கண்மாய் தையிலேயே வற்றுகிறது என்று சொல்லும் ஊர்களில் இதையும் பாருங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது இன்னும் மோசம், கரையே பலவீனப்படும்.

உண்மையில் கடைமடைக்குத் தண்ணீர் கூடவேண்டும் என்றால் வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கவேண்டும், மடையின் பலகையையும் அடைப்பையும் சரிசெய்யவேண்டும், பாசன வாய்க்காலைச் சுத்தம் செய்யவேண்டும், உபரிநீர் வழியும் கலிங்கலின் மட்டத்தை யாரும் உடைக்காமல் பார்க்கவேண்டும். தூர்வாருவது இதெல்லாம் முடிந்தபின். அதையும் ஆழமான பக்கத்தில், மடைக்கு எதிரே, கரையிலிருந்து தள்ளிச் செய்தால் போதும். உள்வாய் மேட்டில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும் இடத்தை வழித்துப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அல்லி நிற்பது அங்கேதான்.

இலைக்கோழி (வேடந்தாங்கல் பக்கம்), பிப்ரவரி 4

கலிங்கல் ஐயா சொன்ன உள்வாய் மேட்டைப் பற்றிப் பறவை பார்ப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று.

நீள்வால் இலைக்கோழி முட்டையிடுவது மிதக்கும் இலைகளின் மேல். அல்லி இலை, ஆம்பல் இலை, கொஞ்சம் பாசி, அவ்வளவுதான் அதன் கூடு. அதன் கால்விரல்கள் அத்தனை நீளமாக இருப்பதே உடம்பின் பாரத்தை இலைமேல் பரப்பி நடப்பதற்குத்தான். முட்டையிட்டதும் பெண் வேறு ஆணோடு சேரப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவை. இலை இல்லாத குளத்தில் இது எதுவும் நடக்காது.

தூர்வாரியபின் பல ஏரிகள் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிய தொட்டியாக ஆகிவிடுகின்றன. சரிவு இல்லை, ஆழமில்லாத ஓரம் இல்லை. நாரையும் உள்ளானும் நிற்க இடமில்லை. குழந்தையோ கன்றுக்குட்டியோ தவறி விழுந்தால் ஏறி வரவும் வழியில்லை. படிப்படியாகச் சரியும் ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் அல்லியும் நிற்கும், மற்றதும் நிற்கும்.

செம்மண்சீமை, பிப்ரவரி 5

கலிங்கல் ஐயா, நன்றி. எங்கள் வேலையின் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். உள்வாய் முழுக்க ஒரே மட்டமாக இவ்வளவு கன மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. அதை மாற்றச் சொல்லிக் கேட்கமுடியுமா?

கலிங்கல், பிப்ரவரி 5

கேட்கலாம். மொத்தக் கன மீட்டர் குறையாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அளவு குறைந்தால் வேலை எடுத்தவருக்குப் பணம் குறையும், அப்போது எதிர்ப்பு வரும். அளவு அதேதான், எடுக்கும் இடம்தான் வேறு என்றால் பொறியாளருக்கும் ஒத்துக்கொள்வது சுலபம். கண்மாயின் படம் ஒன்று கையால் வரைந்து, எடுக்கும் இடம், விடும் இடம் இரண்டையும் குறித்து மனுவோடு கொடுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

தொட்டித்தோட்டம் (கோயம்புத்தூர்), பிப்ரவரி 6

அருமையான இழை. நான் மாடியில் தொட்டிகளில் அல்லி வளர்க்கிறேன். என்னிடம் நீலத்தில் மட்டுமே பல ரகம் இருக்கிறது, கன்றுகள் எக்கச்சக்கமாகப் பெருகுகின்றன. உங்கள் கண்மாய்க்கும், பூ போய்விட்ட பக்கத்துக் கண்மாய்க்கும் சேர்த்து இலவசமாகவே அனுப்புகிறேன். தூர்வாரி முடித்ததும் நட்டுவிட்டால் போயிற்றே?

வவுனியாக்குளம் (இலங்கை), பிப்ரவரி 6

தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். உங்கள் நல்ல மனது விளங்குகிறது. ஆனால் எங்கள் நாட்டில் இதனால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நீலோற்பலம், அதாவது இந்த நீல அல்லி, எங்கள் தேசிய மலர். 1986 பெப்ரவரியில் அறிவித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வெளியீடுகளிலும் சுவரொட்டிகளிலும் அந்தப் பெயருக்கு மேலே அச்சிட்ட படம் அந்தப் பூவே இல்லை. அலங்காரத்துக்காக வெளியிலிருந்து வந்து பரவிய, கடும் ஊதா நிறமுள்ள இன்னொரு அல்லியின் படம். பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஊதா அல்லி பார்வைக்கு எடுப்பாக இருக்கும், இதழும் அதிகம். கடையில் விற்பதும் அதுதான், கோயிலுக்கு வாங்கிப்போவதும் பல இடங்களில் அதுதான். அது குளங்களுக்குள் இறங்கி, உண்மையான நீலோற்பலம் நிற்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொந்தப் பூ மெலிந்த நீலம், கொஞ்சம் இதழ்தான், அடக்கமாக இருக்கும். இன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க உள்ளூர்க் குளங்களைத் தேடித்தான் போகவேண்டும்.

ஒரு நாட்டின் தேசிய மலருக்கே இந்த நிலை என்றால் ஒரு கிராமத்துக் குளத்துப் பூவை யார் கவனிப்பார்கள்? தொட்டியில் வளர்ப்பது தொட்டியிலேயே இருக்கட்டும். குளத்தில் விடவேண்டாம்.

தொட்டித்தோட்டம், பிப்ரவரி 7

இது எனக்குப் புதிய தகவல், நன்றி. சரி, என் தொட்டியில் இருப்பது எது, குளத்தில் இருப்பது எது என்று பார்த்தவுடன் சொல்ல ஏதாவது அடையாளம் உண்டா? இங்கே நர்சரிகளில் எல்லாவற்றையும் 'நாட்டு அல்லி' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

நீர்ச்செடி, பிப்ரவரி 7

ஒரு நல்ல அடையாளம் இலையில் இருக்கிறது. காம்பு இலையோடு சேரும் இடத்தை, அதாவது இலைப்பிளவின் முனையை, மேலிருந்து பாருங்கள். அங்கே சின்னக் கன்று ஒன்று முளைத்து, அதில் குட்டி இலைகளும் வேரும் வந்திருந்தால் அது நம் நாட்டு நீல அல்லி இல்லை. இலைமேல் கன்று போடுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மைக்ராந்தா என்ற இனத்தின் குணம். அதைக் கலந்து உண்டாக்கிய டௌபன் போன்ற ரகங்களுக்கும் அது உண்டு. "எக்கச்சக்கமாகப் பெருகுகிறது" என்று சொன்னீர்களே, பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருக்கும். இலை ஒன்று பிய்ந்து மிதந்து போனாலே புதுச் செடியாகிவிடும். அதனால்தான் குளத்தில் விட்டால் அடங்காது.

கன்று இல்லாவிட்டால் நாட்டுச் செடி என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. கன்று போடாத கலப்பினங்களும் ஏராளம். சந்தேகம் இருந்தால் குளத்தில் விடாதீர்கள், இந்த ஒரு விதி போதும்.

ஆம்பலோடு குழப்பிக்கொள்பவர்களுக்கும் ஒரு வரி. ஆம்பல் அந்திக்குப் பிறகு விரியும், மறுநாள் முற்பகலில் மூடும். இலை ஓரம் கூர்கூராகப் பல்வைத்திருக்கும், அடிப்பக்கத்தைத் தடவினால் மென்மயிர் தெரியும். நீல அல்லி காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். இலை அடியில் மயிர் இருக்காது.

செம்மண்சீமை, பிப்ரவரி 7

இதைப் படித்துவிட்டு இன்று காலை முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். இலைகளில் கன்று எதுவும் இல்லை. ஆனால் பூக்களில் ஒன்று கவனித்தேன், கேட்டுவிடுகிறேன். சில பூக்களின் நடுவில் சின்னக் குழி, அதில் தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. ஒன்றில் குட்டித் தேனீ ஒன்று செத்து மிதந்தது. பக்கத்திலேயே வேறு பூக்களில் குழி தெரியவே இல்லை, மஞ்சள் கேசரங்கள் (மகரந்தம் தரும் இழைகள்) உள்பக்கமாக வளைந்து மூடியிருக்கின்றன. இரண்டும் ஒரே செடிதானா?

நீர்ச்செடி, பிப்ரவரி 7

ஒரே செடிதான், பூவின் வயதுதான் வேறு. முதல்நாள் விரியும் பூ பெண்ணாக மட்டும் இருக்கும். பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியின் குழியில் நீர் சுரந்து நிற்கும். வேறு பூவின் மகரந்தத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் தேனீ அதில் இறங்கினால் மகரந்தம் கழுவப்பட்டுக் குழியில் சேரும். சின்னப் பூச்சிகள் சில ஏறமுடியாமல் அதிலேயே செத்துப்போகும். இரண்டாம் நாள் நீர் வற்றிவிடும், கேசரங்கள் உள்பக்கம் வளைந்து குழியை மறைத்துக்கொண்டு மகரந்தம் உதிர்க்கும். ஒரு பூ மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடும்.

இதில் காப்பாற்றுபவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. முதல்நாள் பூவுக்கு மகரந்தம் தர அதே நேரத்தில் பக்கத்தில் இரண்டாம் மூன்றாம் நாள் பூக்கள் இருக்கவேண்டும். இரண்டு செடி மட்டும் விட்டுவைத்தால் பூக்கும், ஆனால் விதை சரியாகப் பிடிக்காது. காட்சிக்குக் கொஞ்சம் விடுவது போதாது, ஒரு கூட்டமாக விடவேண்டும்.

மீன்பாசி (புதுக்கோட்டை), பிப்ரவரி 9

நாங்கள் மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுப்பவர்கள். அல்லி அடர்ந்து கிடந்தால் வலை இழுக்கமுடியாது. அதனால் ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து அறுத்து எறிவது வழக்கம். சிலர் புல்கெண்டைக் குஞ்சு விடுவார்கள், அது இளந்தளிரை எல்லாம் தின்று தீர்த்துவிடும். இன்னும் சிலர் களைக்கொல்லியே அடிக்கிறார்கள், அது அநியாயம், மாடு குடிக்கும் தண்ணீர்.

என் அனுபவத்தில் ஓரத்தில் அல்லி இருப்பது மீனுக்கும் நல்லதுதான். குஞ்சுகள் இலைக்கடியில் ஒதுங்கும், வெயில் நேரத்தில் பெரிய மீனும் அங்கேதான் நிற்கும். நடுவிலும் கரைப்பக்கமும் வலைக்கு இடம் விட்டால் போதும். ஏல நிபந்தனையிலேயே "உள்வாய் அல்லியை அறுக்கக் கூடாது, புல்கெண்டை விடக் கூடாது" என்று எழுதிவிட்டால் எடுப்பவர்கள் அதற்கேற்ப ஏலம் கேட்பார்கள். சொல்லாமல் விட்டுவிட்டு அப்புறம் சண்டைக்கு வந்தால்தான் பிரச்சினை.

கடைமடை, பிப்ரவரி 9

களைக்கொல்லியைப் பற்றி ஒன்று. நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கிறோம். மேலே இருக்கும் வயலின் வடிகால் கீழ்க் கண்மாயில்தான் சேருகிறது. அடித்த கையோடு மழை பெய்தால் அது எங்கே போகும்? அல்லியும் அகன்ற இலைதானே. இதை எங்கள் விவசாயிகள் கூட்டத்தில் பேசவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கலிங்கல் ஐயா மடை மட்டத்தைப் பற்றிச் சொன்னதை எங்கள் கண்மாயில் போய்ப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன் தோண்டிய பள்ளம் மடைக்குக் கீழேதான் கிடக்கிறது. தண்ணீர் இருக்கிறது, எனக்கு வருவதில்லை. பூவை விடுங்கள், எனக்காகவே இந்தத் தோண்டும் முறை மாறவேண்டும்.

பதிவேடு (மதுரை), பிப்ரவரி 11

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள் 'ஈரநிலம்' என்ற வரையறைக்குள் வராது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் வெட்டியவை, பல நூறு வருடப் பழமையானவை. அவற்றில் வாழும் செடிக்கும் பறவைக்கும் அது வெட்டியதா தானாக உண்டானதா என்று தெரியாது. ராம்சர் தகுதி (முக்கிய ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல்) பெற்றவை தப்பிக்கின்றன. வேடந்தாங்கல், கரிக்கிலி, வடுவூர், கூந்தன்குளம், சுசீந்திரம் தேரூர் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். பள்ளிக்கரணையும் அந்த வருடம்தான். உங்கள் கண்மாய்க்கு அந்தக் கவசம் இல்லை.

2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லையைக் காக்கும். உள்ளே என்ன வாழ்கிறது என்பதை அது பார்க்காது.

ஆனால் ஊராட்சியின் கையில் ஒரு வழி உண்டு. 2002-ம் வருடப் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். பல ஊர்களில் குழு தாளில் மட்டும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் "கண்மாய் உள்வாயில் நீல அல்லி, ஆம்பல், கொட்டி" என்று ஏறிவிட்டால் அடுத்த முறை மனு கொடுக்கும்போது காட்ட ஓர் ஆவணம் இருக்கும். எங்கள் மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-ல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. அதற்கு அடிப்படையாக நின்றது அந்த ஊர் மக்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்ததுதான்.

மார்ச் 22-ல் தண்ணீர் தினக் கிராம சபை வருகிறது. தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

சுனைநீர் (திருத்தணி), பிப்ரவரி 12

எங்கள் தணிகை மலைக்கும் நீலோற்பலத்துக்கும் பழைய உறவு. இந்திரன் சுனையில் நட்டு வளர்த்து முருகனுக்குச் சாத்தினான் என்பது தலபுராணம். ஊரூராகக் கோயில் திருக்குளங்கள் இருக்கின்றன. கிழங்கைக் கொஞ்ச காலம் பத்திரமாக வைக்க இடம் தேடுபவர்கள் கோயில் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள், பூசைக்கும் பூ கிடைக்கும். சுற்றிலும் சிமென்ட் போட்ட குளமாக இருந்தாலும் ஒரு மூலையில் சேறு நிரப்பிய தொட்டி இறக்கலாம்.

செம்மண்சீமை, பிப்ரவரி 14

இன்று ஊர்ப் பெரியவர்களோடு பேசினோம். உள்வாயில் அல்லி நிற்கும் மூலையைத் தொடாமல் விட்டு, மடைக்கு எதிரே ஆழப்படுத்தும்படி கேட்பதாக முடிவு. படமும் வரைந்துவிட்டோம். ஆனால் வரத்துக்கால் வாயில் மட்டும் மண் மேடு கட்டியிருக்கிறது, அதை எடுத்தே ஆகவேண்டும். அந்த இடத்திலும் கொஞ்சம் அல்லி நிற்கிறது. அதை மட்டும் எடுத்து வேறு பக்கம் மாற்றலாமா? எப்படி?

நீர்ச்செடி, பிப்ரவரி 15

மாற்றலாம். முதல் நாளே சொன்ன வேலை இதுதான்.

இலை இருக்கும்போதே கம்பு நடுங்கள். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் இலை காய்ந்து சருகாகிப் போகும், அப்புறம் கிழங்கு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது. இப்போது தண்ணீரில் இறங்கி, விடப்போகும் மூலையின் எல்லையைச் சுற்றி உயரமான மூங்கில் நட்டுவிடுங்கள். மாற்றவேண்டிய இடத்துக்கு வேறு நிறத் துணி கட்டுங்கள். நீங்கள் வரைந்த படத்திலும் அதே நிறம் இருக்கட்டும்.

அடுத்தது விதை. வாடிய பூவின் காம்பு வளைந்து, காய் தண்ணீருக்குள் இறங்கி அங்கேதான் முற்றும். முற்றியதும் வெடித்து விதைகள் மேலே மிதக்கும். வழவழப்பான உறை கரையும்வரை மிதந்து திரிந்து, பிறகு மூழ்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடும். அதனால் காய் இறங்கியதுமே மெல்லிய துணிப்பையை மாட்டிக் காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வெடித்தாலும் விதை பையில் இருக்கும். எல்லாக் காயையும் எடுக்கவேண்டாம், பெரும்பகுதியை அதன் போக்கில் விடுங்கள். எடுத்த விதையைக் காயப்போடாமல் உடனே, தோண்டாமல் விடும் ஓரத்தில், கணுக்கால் ஆழச் சேற்றில் தூவிவிடுங்கள்.

கிழங்கை வற்றிய பிறகு எடுக்கலாம், ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன். மண்வெட்டியால் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குப் பாளமாகப் பெயர்த்து, கிழங்கைத் தனியாகப் பிரிக்காமல் மண்ணோடு தூக்கி, விடப்போகும் மூலையில் ஆழமில்லாத பள்ளத்தில் அதே மேல்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மண்ணோடு எடுப்பதில் இன்னொரு லாபம், அதில் கொட்டிக்கிழங்கு இருக்கும், கோரை விதை இருக்கும், நமக்குப் பெயர் தெரியாத இன்னும் பல இருக்கும். எல்லாம் சேர்ந்தே வரும்.

வண்டல் அள்ள வரும் டிராக்டர்களையும் கவனியுங்கள். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் எடுப்பது நல்லதுதான், வயலுக்கு உரம். ஆனால் அள்ளச் சுலபமான இடம் என்று நேராக உள்வாய்க்குத்தான் வருவார்கள்.

வவுனியாக்குளம், பிப்ரவரி 15

எங்கள் பக்கம் இதைப் பகுதித் தூர்வாரல் என்று சொல்வார்கள். வரண்ட வலயத்துக் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடர்ச்சியாக இருக்கின்றன. மேல்குளத்து நீர் கீழ்க்குளத்துக்கு வரும். குளத்துக்கு மேலே மரவரிசையும் புல்தரையும் விட்டுத்தான் பழைய ஆட்கள் கட்டினார்கள், மண் அங்கேயே வடிந்துவிடும். அந்தப் புல்லையும் மரத்தையும் அழித்து வயலாக்கின பிறகுதான் குளங்கள் வேகமாகத் தூர்ந்தன. எனவே உங்கள் உள்வாய் மேட்டில் நாணலும் கோரையும் நிற்கட்டும். அல்லிக்கும் காவல், அடுத்த தூர்வாரலும் தள்ளிப்போகும்.

தொடர்ச்சியான குளங்களாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பூ அழிந்த பக்கத்துக் கண்மாய் உங்கள் கண்மாய்க்குக் கீழே இருக்கிறதா? அப்படியானால் கொஞ்ச விதையை அங்கேயும் போடலாம். அதே நீர், அதே செடி.

செம்மண்சீமை, பிப்ரவரி 15

ஆமாம், எங்கள் கலிங்கல் பாய்ந்தால் அந்தக் கண்மாய்க்குத்தான் போகும். ஆனால் அங்கே ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதே?

நீர்ச்செடி, பிப்ரவரி 16

அதை எடுக்காமல் விதை போட்டுப் பயனில்லை. வெளிச்சம் உள்ளே இறங்காது, இலை மேலே வர இடமும் இருக்காது. தண்ணீர் குறையும்போது ஓரமாக ஒதுங்கும், அப்போது கையால் வாரிக் கரைக்கு வெளியே போடுங்கள். உள்ளேயே குவித்தால் மழையில் மறுபடி மிதக்கும். ஊர்க் கழிவுநீர் அந்தக் கண்மாயில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் எத்தனை தடவை வாரினாலும் வளரும்.

செம்மண்சீமை, மார்ச் 23

நேற்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. மடைக்கு எதிரே ஆழப்படுத்துவது, உள்வாய் மூலையை விடுவது, கரையோரம் சரிவாக அமைப்பது, மீன்பாசி ஏலத்தில் புல்கெண்டை கூடாது என்று நிபந்தனை, எல்லாம் எழுதிவிட்டார்கள். பொறியாளரும் மொத்த அளவு குறையாததால் ஒத்துக்கொண்டார். மூங்கில் நட்டாகிவிட்டது. விதைப்பை கட்டுவதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள், தண்ணீரில் இறங்க ஒருவருக்கொருவர் போட்டி.

பல்லுயிர்க் குழுவின் பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. கண்மாய்ப் பக்கம் மீன் பெயர்கள் மட்டும்தான் எழுதியிருந்தது. அல்லி, ஆம்பல், கொட்டி மூன்றையும் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கடைமடை, மார்ச் 23

நல்லது தம்பி. எங்கள் ஊரிலும் நேற்று பேசினேன். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டுவதற்குக் காசு செலவழிக்காதீர்கள், அதை வரத்துக்காலுக்குப் போடுங்கள் என்று கேட்டோம். எங்கள் கண்மாயில் நீல அல்லி போய்விட்டது, ஆம்பல் மட்டும் ஒரு மூலையில் இருக்கிறது. அந்த மூலையை விடச் சொல்லி அதே மனுவில் சேர்த்துவிட்டேன். பொக்லைன் ஓட்டுபவர் கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

கலிங்கல், மார்ச் 24

பிடுங்கத்தான் செய்வார், வண்டி திரும்ப இடைஞ்சலாக இருந்தால். வேலை தொடங்கும் நாள் காலையில் ஊர்க்காரர் இருவர் நின்று ஓட்டுநருக்கு நேரில் இடத்தைக் காட்டுங்கள். பாதியில் ஓட்டுநர் மாறுவார், மாறும்போதெல்லாம் மறுபடி காட்டவேண்டும். எல்லைக் கம்புகள் தவிர, கரையில் ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்து, அங்கிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பு போனாலும் கல்லிலிருந்து அளந்து திரும்ப நடலாம். செம்மண்சீமை, உங்கள் கண்மாயிலும் இதைச் செய்துவிடுங்கள், தண்ணீர் வற்றுவதற்குள்.